மக்கும்னு சொன்ன கப்பு

தம்பி, தம்பி! அந்தக் கப்ப ஜன்னல் வழியா எறிஞ்சுறாதீங்க. இங்கிட்டுக் குடுங்க. அட, குடுங்கங்கிறேன். இந்தா, நசுக்கி என் பையில போட்டாச்சு. முடிஞ்சது சோலி.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? பைத்தியம்னு நெனச்சுறாதீங்க. பஸ்ஸுல வாரவன் போறவன் எச்சிக் கப்ப வாங்கிப் பையில போடணும்னு எனக்கென்ன வேண்டுதலா? நான் பாட்டுக்கு டீயப் போட்டமா, வித்தமான்னு இருந்த ஆளு. என்னைய இந்த நெலைமைக்கு ஆளாக்குனது ஒரு பொம்பள. பேரு பஞ்சவர்ணம். பேரு மட்டுந்தான் அழகு. மத்ததெல்லாம்... சரி, மத்ததுலயும் கொறை சொல்ல ஒண்ணுமில்லன்னு வைங்க. ஆனா வாயி இருக்கு பாருங்க, அது வாயில்ல தம்பி, செங்கச் சுடுற காளவாச.

நீங்க எதுவரைக்கும் போறீங்க? கடைசி ஸ்டாப்பா? அப்பச் சரி. நான் அதுக்கு முன்னாடியே எறங்கணும். கேளுங்க.

என் பேரு காசிமாயன். எங்க ஊரு பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை. எங்க வீட்டுக்காரி ராமுத்தாய் இருந்த வரைக்கும் கண்ணாடி கிளாஸுதான். நான் டீ ஆத்துவேன், அவ கிளாஸ் கழுவுவா. கல்யாணமான நாள்லருந்து அப்படித்தான். அவ போய்ச் சேந்தபெறகு அந்தத் தண்ணித் தொட்டிப் பக்கம் போகவே எனக்குக் கால் வரல. கழுவுறதுக்கு ஒருத்தரு வந்தாரு. நல்ல மனுசன், கொறை சொல்லக் கூடாது. ஆனா அவரு கழுவுற சத்தம் எனக்குச் சரிப்பட்டு வரல. போங்கப்பான்னு அவர அனுப்பிச்சுட்டு, கிளாஸ அம்புட்டையும் சாக்குல கட்டிப் பரண்ல போட்டுட்டு, பேப்பர் கப்புக்கு மாறிட்டேன். குடிச்சமா, எறிஞ்சமா, போனமா. சுத்தம் சுகாதாரம்னு சனங்ககிட்டச் சொல்லிக்கிட்டேன். சனமும் நம்பிக்கிருச்சு.

அப்பத்தான் எங்க ஊருக்கு வளமீட்புப் பூங்கா வந்துச்சு. வேற ஒண்ணுமில்ல தம்பி, குப்பைக் கிடங்குக்குத்தான் இப்ப அப்படிப் பேரு. பூங்கான்னு போர்டப் பாத்துட்டு ரெண்டு குடும்பம் புள்ளகுட்டிகளக் கூட்டிக்கிட்டு ஊஞ்சல் தேடிப் போயிட்டு மூக்கப் பொத்திக்கிட்டு வந்துச்சுக. அந்தப் பூங்காவுக்கு மேற்பார்வைன்னு வந்து எறங்குச்சு இந்தப் பஞ்சவர்ணம். அம்பது வயசுக்கு மேல இருக்கும். பச்சைக் கோட்டு, தலையில ஒரு துண்டு, கையில இரும்புக் கம்பி. வந்த மறுநாளே என் கடை வாசல்ல வண்டிய நிப்பாட்டி, என் குப்பை டப்பாவக் கம்பியால ஒரு கிண்டு கிண்டிட்டுக் கேக்குது:

"டீக்கடைக்காரரே, இது குப்பையா, கூட்டாஞ்சோறா?"

கடையில ஆளுக டீ குடிச்சுக்கிட்டிருக்காங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

"குப்பைன்னா அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு இலை போட்டுப் பரிமாறவா?"ன்னேன்.

"பரிமாறத் தெரிஞ்ச ஆளுன்னா பிரிக்கவும் தெரியணும்ல? டீத்தூளு பச்சை டப்பா, கப்பு நீல டப்பா, பால் கவரு கழுவிக் காயப்போட்டுத் தனியா. நாளைக்கு வருவேன்"னு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயிருச்சு.

நாளைக்கு வந்துச்சு. அதுக்கு மறுநாளும் வந்துச்சு. பால் கவர நான் எப்படி வெட்டுறேன்னு பக்கத்துலயே நின்னு பாத்துச்சு தம்பி! மூலையச் சின்னதா நறுக்கிக் கீழ போடுவோம்ல, எல்லாரும் பண்றதுதான? "அந்தத் துண்டு எங்கிட்டுப் போகும்? சாக்கடைக்குப் போகும், மாட்டு வயித்துக்குப் போகும். முழுசா அறுக்காதீங்க, ஒட்டிக்கிட்டே இருக்குற மாதிரி வெட்டுங்க"ங்குது. ஆத்தாடி, எத்தனை வருசமாப் பால் கவரு வெட்டுறவன் நான்! ஆனாலும் ஒட்டுன மாதிரியே வெட்டப் பழகிட்டேன். பயந்துக்கிட்டு இல்ல. வாய்க்கு வாய் குடுத்தா ஏவாரம் கெட்டுப் போகும்னுதான்.

இன்னொண்ணு பாருங்க. ஊருல அம்புட்டுப் பேரையும் அது 'அண்ணே'ன்னுதான் கூப்பிடும். பூக்கடைக்காரரு அண்ணே. சலூன்காரரு அண்ணே. என்னைய விட வயசுல சின்ன புரோட்டாக் கடை மாஸ்டரக் கூட அண்ணேங்கும். என்னைய மட்டும் 'டீக்கடைக்காரரே'. ஒரு நாளாவது, வாய் தவறியாவது, அண்ணேன்னு சொல்லணுமே? சொல்லாது. மரியாதை இல்லாத பொம்பளைன்னு அதுலயே தெரிஞ்சுக்கிட்டேன்.

பெறகு ஒரு நாள் பேரூராட்சி ஆபீஸ்லருந்து ஆளுக வந்து, பேப்பர் கப்பும் தடையில இருக்குன்னு கடையில இருந்த கப்பெல்லாம் அள்ளிக்கிட்டு அபராதமும் போட்டுட்டுப் போயிட்டாங்க. கப்புக்குள்ள பிளாஸ்டிக் பூச்சு இருக்காம். அந்தம்மாதான் போட்டுக் குடுத்துருக்கும்னு எனக்கு ஒரே ஆத்திரம். போயிக் கேட்டேன். "நான் சொல்றதா இருந்தா உங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுத்தான் செய்வேன்"னுச்சு. அது என்னமோ வாஸ்தவந்தான்.

அந்த நேரம் பாத்து ஒரு ஏஜென்ட்டு வந்து சேந்தாரு. டை கட்டுன ஆளு, தேன் மாதிரிப் பேச்சு. "ஐயா, இது மக்கும் கப்பு. மண்ணுல போட்டா உரமாயிரும். பாருங்க, இலை படம்"னு காமிச்சாரு. கப்பு மேல நல்ல பச்சை இலை, வேப்பிலை மாதிரி. கீழ எழுதியும் இருந்துச்சு, மக்கும்னு. எனக்குக் குளுகுளுன்னு ஆயிருச்சு தம்பி. அந்தம்மா வாய அடைக்க ஆண்டவனே அனுப்பி வச்ச மாதிரி! பெட்டி பெட்டியா வாங்கிப் போட்டேன். கடைக்கு முன்னாடி போர்டு வச்சேன்: 'எங்கள் கப் மண்ணுக்கு உணவு.' என்னையப் பாத்துப் புரோட்டாக் கடை, ஜூஸ் கடை, பார்சல் சோறு போடுற கடை, எல்லாரும் அதையே வாங்குனாங்க. தட்டும் வாங்குனாங்க, கிண்ணமும் வாங்குனாங்க.

மறுநாள் கப்பையெல்லாம் பச்சை டப்பாவுல போட்டு, வண்டி வந்ததும் நானே தூக்கிக்கிட்டுப் போனேன். அந்தம்மா ஒரு கப்ப எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. மோந்து பாத்துச்சு. நகத்தால சுரண்டுச்சு.

"இது நெசமாவே மக்குமா?"

"அதான் எழுதியிருக்குல்ல. படிக்கத் தெரியும்ல?"

அது என்னைய ஒரு மாதிரிப் பாத்துட்டு, "சரி. உங்க வார்த்தைய நம்பி உரத் தொட்டியில போடுறேன்"னு வாங்கிக்கிருச்சு.

செயிச்சுட்டம்டான்னு அன்னைக்கு நானே எனக்கு ஒரு ஸ்பெஷல் டீ போட்டுக் குடிச்சேன்.

பூங்காவுல என்ன பண்ணுவாங்கன்னா, காய்கறிக் கழிவு, வாழையெல, டீத்தூளு எல்லாத்தையும் தொட்டியில போட்டு, சாணிக் கரைசல் தெளிச்சு, அப்பப்பக் கிண்டிவிட்டு மக்க வைப்பாங்க. மழைக்காலம் முடியுற சமயத்துல உரம் தயாராச்சு. கருகருன்னு நல்லாத்தான் இருந்துச்சாம். ஒச்சப்பன்னு மல்லிகைத் தோட்டக்காரரு டிராக்டர்ல வந்து அள்ளிக்கிட்டுப் போயிச் செடிக்குப் போட்டாரு. ஒரு மழை பேஞ்சுச்சு. மண்ணு கரைஞ்சு ஓடவும் தோட்டம் முழுக்க வெள்ள வெள்ளையா, பாம்பு சட்டை உரிச்சுப் போட்ட மாதிரி!

ஒச்சப்பன் நாலு பேரக் கூட்டிக்கிட்டுப் பூங்காவுக்குப் போயிட்டாரு. என் கடை வழியாத்தான் போனாங்க. நானும் சும்மா வேடிக்கை பாக்கத்தான் பின்னாடியே போனேன். அடுப்ப அணைச்சமான்னு கூடப் பாக்கல. வேடிக்கைன்னா நமக்கு அப்படி.

அங்க போனா, ஒச்சப்பன் தாறுமாறாப் பேசுறாரு. "உரமா இது? என் மண்ணையே கெடுத்துட்டீகளே! இந்தத் தோலையெல்லாம் இனி யாரு பொறுக்குறது?" பேரூராட்சி அதிகாரியும் வந்துட்டாரு. அவரு அந்தம்மாவப் பாத்து, "மேற்பார்வை பாக்கச் சொன்னா இதத்தான் பாத்தீங்களா? நாளையிலருந்து வேற ஆளப் பாத்துக்கிறோம்"ங்கிறாரு.

நான் என்ன எதிர்பாத்தேன்? இப்பப் பாரு, காளவாச தெறந்து எல்லாரையும் பொசுக்கப் போகுதுன்னு எதிர்பாத்தேன். அந்தம்மா வாயத் தெறக்கல தம்பி. உரக் குவியலுக்குப் பக்கத்துல குத்தவச்சு ஒரு துண்ட எடுத்துத் தண்ணியில அலசுச்சு. காகிதமெல்லாம் மக்கிப் போயி, உள்ளயும் வெளியயும் பூசுன தோலு மட்டும் அப்படியே நிக்கிது. அந்தத் தோலுல பச்சை இலை படம் பளிச்சுன்னு இருக்கு. மக்கும்னு எழுதுன எழுத்து மட்டும் மக்கல!

அதக் கையில வச்சுக்கிட்டு என்னையப் பாத்துச்சு. 'உன் கப்புதான்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானும் பதிலுக்கு ரெண்டு சொல்லிட்டு டீ போட வந்திருப்பேன். சொல்லல. களையெறங்கிப் போன மூஞ்சி. என்னைய அறியாம ரெண்டு எட்டு முன்னாடி போயிட்டேன். வெயில்னு நெனைக்கிறேன்.

"சார்"னேன். "அது என் கடைக் கப்பு. மக்கும்னு சொல்லிக் குடுத்தது நான். என் பேச்ச நம்பித்தான் அந்தம்மா போட்டுச்சு. தண்டனைன்னா எனக்குக் குடுங்க, அதுக்கு எதுக்கு வேலைய விட்டு நிப்பாட்டுறீங்க?"

எல்லாரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. புரோட்டாக் கடைக்காரரு கூட்டத்துல பின்னாடி நகந்துட்டாரு. ஒண்ணு சொல்றேன் தம்பி, நான் அந்தம்மாவுக்காகப் பேசுனேன்னு ஊருல ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. அதெல்லாம் இல்ல. என் கப்ப இன்னொருத்தர் தலையில கட்டுறது எனக்குப் பிடிக்காது. அம்புட்டுதான்.

அதிகாரி யோசிச்சாரு. "சரி, யாரு குடுத்தாலும் குப்பை குப்பைதான். இந்தக் குவியலயும் தோட்டத்தயும் சுத்தம் பண்ணிக் காமிங்க, பெறகு பாப்போம்"னுட்டுப் போயிட்டாரு. ஏஜென்ட்டுக்குப் போன் போட்டா, அந்த நம்பரே உபயோகத்துல இல்லையாம்.

அதுக்குப் பெறகு மத்தியானமானா கடையச் சாத்திட்டுப் பூங்காவுக்குப் போயிருவேன். பெரிய சல்லடைய ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கிட்டு, ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் நான். உரம் கீழ விழும், தோலு மேல நிக்கும். அதப் பொறுக்கித் தனியாச் சாக்குல போடணும். இடுப்பு ஒடிஞ்சு போகும். மொத நாளு ஒரு வார்த்தை பேசிக்கல. ரெண்டாவது நாளு அதுவே ஆரம்பிச்சுச்சு.

"சல்லடைய இப்படி உலுக்குனா உங்க டீ வடிகட்டி என்னத்துக்கு ஆகும்?"

அப்பாடா, காளவாச பத்திக்கிருச்சுன்னு எனக்கு நிம்மதியாயிருச்சு.

பேச்சோட பேச்சா ஒரு நாள் கேட்டேன், குடும்பம் எங்க இருக்குன்னு. சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு: "தம்பிக்குப் பாத்தேன், தங்கச்சிகளுக்குப் பாத்தேன். எல்லாரையும் கரையேத்திவிட்டுத் திரும்பிப் பாத்தா, எனக்குப் பாக்கணும்கிற ஞாபகம் யாருக்கும் வரல. எனக்கே வரல போங்க." சிரிக்கிற விசயமா அது? ஆனா அது சிரிச்சுச்சு. நானும் சிரிச்சு வச்சேன்.

அந்தம்மாவுக்கு நாலு மணிக்கு டீ இல்லைன்னா தலைவலி வந்துரும். கொண்டு போகணும். எதுல கொண்டு போறது? கப்புதான் ஆகாதே. டிபன் டப்பாவுலயா குடுக்க முடியும்? வேற வழியில்லாம அந்த ஒரு டீக்காகப் பரண்ல ஏறுனேன். சாக்க அவுத்து ஒரு கிளாஸ எடுத்தேன். தூசி. கழுவணும். தொட்டிக்கிட்டப் போயி நின்னேன், நின்னுக்கிட்டே இருந்தேன். பெறகு கழுவுனேன். ராமுத்தாய் மாதிரி வராது, இருந்தாலும் சத்தம் பரவாயில்ல. ஒண்ணக் கழுவியாச்சு, மிச்சத்த மட்டும் விடுவானேன்னு சாக்கையே எறக்கிட்டேன். இப்ப கடையில கிளாஸுதான். நானேதான் கழுவுறேன்.

குவியலச் சலிச்சு முடிச்சோம். ஒச்சப்பன் தோட்டத்துலயும் போயிச் செடி செடியாக் குனிஞ்சு பொறுக்குனோம். கடைசியில புரோட்டாக் கடைக்காரரும் வெக்கப்பட்டு வந்து சேந்தாரு, இப்ப அவரு கடையில வாழையெலதான். ஒச்சப்பன் சலிச்ச உரத்த உள்ளங்கையில அள்ளி மோந்து பாத்துட்டு, "இதுதான் உரம்"னு சொல்லி டிராக்டரக் கொண்டாந்தாரு. அதிகாரியும் வந்து பாத்துட்டுத் தலையாட்டுனாரு. வேலை நெலைச்சுருச்சு. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுச்சுன்னு நெனைக்கிறீங்கள்ல?

அங்கதான் தம்பி வினையே! சேதி பக்கத்து ஊருக்குப் போயிருச்சு. அது நகராட்சி, பெரிய கிடங்கு. அங்கிருந்து ஆளுக வந்து பாத்தாங்க. எல்லாம் சுத்தமா இருக்கவும் மயங்கிட்டாங்க. "இந்தம்மாவ எங்களுக்குக் குடுங்க, நாங்க பெரிய பொறுப்பு தர்றோம்"னு கூட்டிக்கிட்டே போயிட்டாங்க! இடுப்பு ஒடியச் சலிச்சது நானு. சலிச்சதுக்குப் பலன், சலிக்கச் சொன்ன ஆளே ஊர விட்டுப் போயிருச்சு. நாயமா இது?

போற அன்னைக்குக் கடைக்கு வந்துச்சு. டீ குடிச்சுச்சு. கிளாஸ வெளிச்சத்துல தூக்கிப் பாத்துச்சு. "நல்லாக் கழுவியிருக்கீங்க"ன்னுச்சு. போயிருச்சு. அம்புட்டுதான் தம்பி! போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை? நானும்தான் ஒண்ணும் சொல்லல. கூட்டம், எட்டுப் பத்து டீ பாக்கி நின்னுச்சு.

இப்பப் புதுசா ஒருத்தரு வந்துருக்காரு. தங்கமான மனுசன். எதக் குடுத்தாலும் வாங்கிக்கிருவாரு, ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி கெடையாது. அவரக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. நான் இங்க பால் கவர ஒட்டுன மாதிரி வெட்டி, அலசி, கொடியில கிளிப்பு மாட்டிக் காயப்போட்டு வச்சா, மனுசன் பாக்காமக்கூட வாங்கி எல்லாத்தோடயும் சேத்துப் போடுறாரு. பாராட்ட வேணாம், திட்டவாவது ஒரு ஆளு வேணாமா?

என் மக வைகைச்செல்வி திருப்பூருல இருக்கா. நேத்துப் போன்ல இதையெல்லாம் சொல்லிப் பொலம்பிக்கிட்டிருந்தேன். அவ, "அப்பா, ஒரே போன்ல அந்தம்மா பேர எத்தனை தடவை சொல்லிட்டீங்கன்னு தெரியுமா? ஒண்ணு நேர்ல போயிப் பாருங்க, இல்ல பேச்ச விடுங்க. அம்மா ஒண்ணும் கோவிச்சுக்கிறாது"ன்னா. அவ அம்மா எதுக்குக் கோவிக்கப் போறா? கிளாஸெல்லாம் பரண்லருந்து எறங்கிருச்சேன்னு சந்தோசந்தான் படுவா. புள்ளைக்கு எதுக்கு எதப் பேசுறதுன்னே தெரியல.

ஆனா போகச் சொன்னது நல்ல ரோசனைதான். அதான் அந்தம்மாவுக்கு வரேன்னு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். நேர்ல நின்னு நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுறணும்ல. சட்டையா? ஆமா, புதுசுதான். சண்டைக்குப் போறப்பக் கந்தல்லயா போவாங்க? காலரு சரியா இருக்கா பாருங்க.

என்ன கேக்குறீங்க?

...

ஏந்தம்பி, பட்டுன்னு இப்படியா கேப்பீங்க? நீங்க வயசுப் பய. நான் பேரன் எடுத்தவன். அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. இந்த வயசுல மாலை மாத்துனா ஊரு என்ன பேசும்?

...

இல்ல, இல்ல. நீங்க கேட்டது தப்பில்ல. மக கூட அதத்தான் சுத்தி வளைச்சுக் கேட்டாளோ என்னமோ. நான்தான்... இருங்க, போன் அடிக்குது.

அலோ. ஆங், சொல்லுங்க. வந்துக்கிட்டுத்தான் இருக்கேன். பாலம் தாண்டியாச்சு. இல்ல, ஒண்ணும் சாப்பிடல. ...என்னது? அயிர மீனா? அதெல்லாம் எதுக்கு, நான் சும்மா பாத்துட்டுப் போகத்தான்... சரி. சரி. வரேன்.

வச்சிருச்சு. அயிர மீன் கொழம்பாம். வெள்ளன எந்திரிச்சு மார்க்கெட்டுக்குப் போயி உசிரோட வாங்கி, மண்ணு போக அலசி அலசி வச்சிருக்காம். வழியில எதையும் தின்னு வயித்த ரொப்பிக்கிட்டு வந்துறக் கூடாதாம்.

காலரு இப்பவும் சரியாத்தான இருக்கு? பஸ்ஸு ஆட்டத்துல கசங்கியிருக்கப் போகுது.

நறுக்குன்னு கேக்குறதுக்கு நாலு வார்த்தை வச்சிருந்தேன் தம்பி. இப்ப ஒண்ணுகூட ஞாபகத்துல இல்ல. நீங்க கேட்டது மட்டுந்தான் மண்டைக்குள்ள ஓடுது. கேட்டுறவா? ஏன், கேட்டா என்ன, சல்லடையாலயா அடிச்சுறப் போகுது? அடிக்கும். அது அடிக்கக்கூடிய ஆளுதான்.

மொதல்ல சாப்பிட்டுர்றேன். பெறகு கேக்குறேன்.

கண்டக்டரே, விசில் குடுங்க! அந்த வேப்பமரத்துக்கிட்ட ஒரு பச்சைக் கோட்டு நிக்கிது பாருங்க, அங்கதான். பஸ்ஸு நிக்கலைன்னாலும் பரவாயில்ல, மெல்லப் போகச் சொல்லுங்க, நான் எறங்கிக்கிறேன்.